பதினோராவது சுழி

பிள்ளையாருக்கும் பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால், சின்னம் வரையக் கோவில் சுவர் எங்களுக்குத்தான் என்று இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொள்வார்களே, அதுதான் என்று சொல்லியிருப்பேன். ஓட்டு எண்ணிய அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னால் அப்படி வேடிக்கையாகப் பேச முடியவில்லை.

நான் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். பெயர் பங்கஜவல்லி. இருபத்தாறு வருட சர்வீஸில் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் குறைவு, எல்லாருக்கும் மேடம்தான். தேர்தல் வந்தால் உதவித் தேர்தல் அலுவலர் என்று இன்னொரு பட்டம் சேர்ந்துகொள்ளும், வேலையும் இரட்டிப்பாகும்.

கருவேலவயல் என் வட்டாரத்தில் கடலை ஒட்டி இருக்கும் ஊராட்சி. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை தோஹாவிலோ தமாமிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். வெளிநாட்டில் இருப்பவர்களும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் வந்தபோது ஊரே வெடி போட்டது. உறைகளைப் பிரித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒன்றில் கையெழுத்து இல்லை, ஒன்றில் உள் உறை இல்லை, ஒன்றில் ஒரே தாளில் இரண்டு குறி. கடல் தாண்டி வந்த ஓட்டில் மூன்றில் ஒன்று செல்லாமல் போனது. பத்து ஓட்டு, இருபது ஓட்டில் தலைவர் யாரென்று முடிவாகிற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. தோற்றவர்கள் எல்லாம் கோர்ட் வாசலில் போய் நின்றார்கள்.

அதற்கு மருந்தாகத்தான் அடுத்த தேர்தலுக்குக் 'கருத்தறி' வந்தது. பார்க்க ஒரு ஜெராக்ஸ் மெஷின் மாதிரிதான் இருந்தது. அதைக் கொண்டுவந்து பூட்டிய பொறியாளர் சாந்தகுமாருக்கு என் வயதுதான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மாத்திரை விழுங்குவார், பிறகு மெஷினைப் பற்றிப் பேசுவார்.

"இது ஓட்டு எண்ணுற மெஷின் இல்ல மேடம். போட்டவன் மனசுல என்ன நெனச்சான்னு பாக்குற மெஷின். தபால் ஓட்டுத் தாள் மேல ஒரு பூச்சு இருக்கு. பேனா எங்க முதல்ல பட்டுச்சு, எங்க அடுத்துப் பட்டுச்சு, நடுவுல எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம், கை நடுங்குச்சா இல்லையா, எல்லாம் அதுல பதிஞ்சிரும். தாள்ல ரெண்டு குறி இருந்தா எதை மனசாரப் போட்டாங்கன்னு இது சொல்லிரும்."

"மனசாரப் போட்டதுன்னு எதை வச்சுச் சொல்லும்?"

"அக்கறையா, அழுத்தமா, பிசிறில்லாம போட்டது எதுவோ அதை."

"எங்க வீட்டுக்காரர் எதுலயுமே பிசிறில்லாம கையெழுத்துப் போட்டதில்ல சார். அவருக்கு மனசே இல்லைன்னு சொல்லிருமா?"

சாந்தகுமார் சிரித்தார். எங்கள் அலுவலகத்தில் அந்த மெஷினுக்கு ஜோசியர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

கருவேலவயலில் தலைவர் பதவிக்கு நான்கு பேர் நின்றாலும் போட்டி இரண்டு பேருக்குத்தான். ஒருவர் அய்யாத்துரை. ஊருக்குக் கிழக்கே இருக்கும் இறால் பண்ணைக்கு நிலம் கொடுத்தவர். மரியாதையான மனிதர், கோபத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்னொருவர் பூமயில். முப்பத்தைந்து வயது, அங்கன்வாடியில் வேலை பார்த்து, தேர்தலுக்காக அதை விட்டவள். பண்ணைக் கழிவு வாய்க்கால் வழியாக ஊருணியில் கலந்து, குடிக்கிற தண்ணீர் உப்பாகிக்கொண்டு வந்தது. ஆடுகூட வாய் வைக்கவில்லை. நான் ஜெயித்தால் ஊராட்சி கொடுத்த அனுமதியை ரத்து செய்து வாய்க்காலை அடைப்பேன் என்று அவள் வீடு வீடாகச் சொன்னாள். பத்து நாள் கழித்து அவளுடைய ஸ்கூட்டர் கிணற்றில் கிடந்தது. அடுத்தது வண்டியாக இருக்காது என்று யாரோ போனில் சொன்னார்களாம். போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு, மறுநாள் நடந்தே ஓட்டுக் கேட்கப் போனாள். அவள் கணவன் கதிரேசன் தோஹாவில் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். விட்டுவிடு என்று போனில் அழுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஓட்டு எண்ணிக்கை ஒன்றிய அலுவலகக் கூட்ட அறையில் நடந்தது. ஊரில் போட்ட ஓட்டுகளை எண்ணி முடிக்க மதியம் ஆகிவிட்டது. கடைசியாகத் தபால் ஓட்டு அறுபத்து நான்கையும் ஜோசியரிடம் கொடுத்தோம். ஐந்து நிமிடத்தில் கணக்கு வந்தது. அய்யாத்துரை 812, பூமயில் 791.

பூமயில் எழுந்திருக்கவில்லை. "தபால் ஓட்டுல எத்தனைய அந்த மெஷினு சரி பண்ணுச்சு மேடம்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"அது யாருக்குப் போச்சு?"

நான் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்றும் ஒரே மாதிரி. ஒவ்வொரு தாளிலும் இரண்டு குறி. ஒன்று முதல் வரிசையில் அய்யாத்துரை கட்டத்தில். இன்னொன்று மூன்றாவது வரிசையில் பூமயில் கட்டத்தில். பதினொன்றையும் மெஷின் அய்யாத்துரைக்குக் கொடுத்திருந்தது.

"எங்களுக்கு அந்தத் தாளைக் காட்டுங்க" என்றாள். சட்டப்படி அவளுக்கு அந்த உரிமை உண்டு. சாந்தகுமார் முதல் தாளைத் திரையில் பெரிதாக்கினார். மூன்றாவது வரிசையில் அவசரமாகக் கிறுக்கிய ஒரு டிக். முதல் வரிசையில் அழகான ஒரு வளைவு, அதன் அடியில் கோடு.

எனக்கு உடனே பிடிபடவில்லை. கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் தாளைத் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். தாளின் தலையில் அதே வளைவு, அதே கோடு. காலையில் எண்ணிக்கையைத் தொடங்கும் முன் என் கையே போட்டது. எனக்கு அது போட்ட ஞாபகமே இல்லை.

"சார், இது ஓட்டு இல்ல. பிள்ளையார் சுழி" என்றேன்.

ஓட்டுத்தாளைச் சிக்கனமாக அச்சடித்திருந்தார்கள். மேலே ஒரு விரல் அகலம்கூட வெற்றிடம் இல்லை, தாளின் உச்சியிலேயே முதல் வேட்பாளரின் கட்டம் ஆரம்பித்தது. நம் ஆட்களுக்கு வெறும் தாளைக் கையில் கொடுத்தால் முதலில் கை போவது அங்கேதான். ஏழு தாளில் சுழி இருந்தது. இரண்டில் 786. ஒன்றில் சின்னச் சிலுவை. பயபக்தியோடு, நிறுத்தி நிதானமாகப் போட்டிருந்தார்கள். ஓட்டைத்தான் கடனே என்று போட்டிருந்தார்கள். எதை மனசாரப் போட்டார்கள் என்று பார்த்த மெஷின், சாமிக்குப் போட்டதை அய்யாத்துரைக்குப் போட்டதாக எடுத்துக்கொண்டது. ஒரு வகையில் அது தப்பாகவும் சொல்லவில்லை.

"இதை எங்க ஆளுங்க யாருமே யோசிக்கல" என்றார் சாந்தகுமார். "மெஷினுக்குப் பழக்குனது எல்லாம் எங்க ஆபீஸ்ல போட்டுப் பார்த்த தாள்தான். அதுல யாரு சுழி போடுவா."

பதினோராவது தாளைப் பற்றிச் சொல்லவில்லை அல்லவா? அதில் முதல் வரிசையில் இருந்தது ஒரு சுழிப்பு. சுழி என்றால் சுழி, கிறுக்கல் என்றால் கிறுக்கல். அழுத்தத்தில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

இப்படிச் சந்தேகம் வந்தால் விதியில் ஒரு வழி உண்டு. வாக்காளரையே வீடியோவில் அழைத்து, வேட்பாளர்கள் பார்க்க, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அவர் சொல்வதை ஏற்பதோ தள்ளுவதோ என் பொறுப்பு. ஓட்டு ரகசியம் என்பது இங்கே அடிபட்டுப் போகிறதே என்று பயிற்சி வகுப்பில் நான் கேட்டேன். ஓட்டே செல்லாமல் போவதைவிட இது மேல் இல்லையா என்றார்கள். எனக்கும் அப்போது சரியென்றுதான் பட்டது.

அய்யாத்துரை ஆட்சேபிக்கவில்லை. "கேளுங்கம்மா. நியாயம் எதுவோ அது நடக்கட்டும்" என்றார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். சாப்பாட்டு நேரம், எல்லாரும் கிடைத்தார்கள். "முதல் வரிசையில் நீங்கள் இட்ட குறி வாக்கா, வேறா?" இதுதான் கேள்வி. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது.

"சுழி மேடம், பிள்ளையார் சுழி. ஏன், போடக்கூடாதா?"

"786 போட்டேன் மேடம். நல்ல காரியத்துக்குப் போடாம எப்படி?"

பத்துப் பேரும் கேட்ட மாத்திரத்தில் சொன்னார்கள். பத்தையும் திருத்தினேன். அய்யாத்துரை 802, பூமயில் 801. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள்.

அந்தத் தாள் வந்த உறையில் இருந்த பெயரைப் பார்த்தேன். கதிரேசன், பூமயிலின் கணவன்.

திரையில் மஞ்சள் தொப்பியோடு வந்தான். பின்னால் வெயில் கண்ணைப் பறித்தது. நான் கேள்வியை வாசித்தேன். வேட்பாளர்கள் பார்க்க முடியாத ஒரு சிறிய திரை எனக்கும் சாந்தகுமாருக்கும் முன்னால் இருந்தது. எந்தக் குறியை முதலில் போட்டார்கள், எதை அடுத்துப் போட்டார்கள் என்ற விவரம் அதில் ஓடியது. மற்ற பத்திலும் மேலே போட்ட குறிக்கு நேராக 'போட்ட வரிசை 1' என்று இருந்தது. சுழி என்றால் முதலில்தானே போடுவார்கள். கதிரேசன் தாளில் 'போட்ட வரிசை 2' என்று இருந்தது. முதலில் மனைவிக்கு டிக் போட்டிருக்கிறான். அதற்கு நாற்பது நொடி கழித்து மேலே போயிருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு யாரும் பிள்ளையார் சுழி போடுவதில்லை.

"பூமயிலு அங்க இருக்காளா மேடம்?" என்று கேட்டான்.

"இருக்காங்க. கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

அவன் தொப்பியைக் கழற்றினான். அவன் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவள் ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நேரத்தில் இப்படி ஒரு போன் எதற்கு வரும் என்று ஊகிக்க முடியாதவன் இல்லை.

"சுழிதான் மேடம்" என்றான்.

சாந்தகுமார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கிணற்றில் கிடந்த ஸ்கூட்டரும் ஊருணியும் என் நினைவில் வந்துபோயின. அவன் தாளில் போட்டதைவிட வாயால் சொன்னதுதானே அவனுடைய கடைசி முடிவு என்று எனக்கு நானே வக்கீலானேன். 'வழிபாட்டுக் குறி' என்ற கட்டத்தை அழுத்தினேன். பூமயில் 802, அய்யாத்துரை 801.

வெளியே வெடிச்சத்தம் கேட்டது. பூமயில் கண்ணீரோடு கும்பிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டாள். அய்யாத்துரை அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்குப் போய்க் குளித்தேன். செய்தது சரி என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

ஐந்து வாரத்தில் பூமயில் சொன்னதைச் செய்துவிட்டாள். அனுமதி ரத்தானது. போலீஸ் நிற்க, பொக்லைன் வைத்து வாய்க்காலை மூடினார்கள். ஆறாவது வாரம் புதன்கிழமை எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதமும், அதன் பின்னாலேயே சாந்தகுமாரின் போனும் வந்தன.

"மேடம், உங்க பதினொரு தீர்ப்பையும் மெஷினுக்குப் பாடமா வைக்கிறாங்க. அடுத்த மாசம் மிச்ச மாவட்டங்கள்ல தேர்தல் வருதுல்ல, அங்கெல்லாம் சுழிய இனிமே ஓட்டுன்னு எடுத்துக்காது."

"நல்லதுதானே?"

"பத்து நல்லது. பதினொண்ணாவதுதான் இடிக்குது." குரலைத் தாழ்த்தினார். "அதுல மேல போட்ட குறி ரெண்டாவதா வந்தது. அதையும் நீங்க சுழின்னு சொல்லிட்டீங்க. அதனால எது முதல்ல போட்டதுங்கிற வரிசை முக்கியமில்லைன்னு அது கத்துக்கிச்சு. ஒருத்தன் கீழ போட்டுட்டு, மனசு மாறி மேல முதல் ஆளுக்குப் போட்டான்னு வைங்க. இதுவரைக்கும் அவன் மாத்திக்கிட்டதை மெஷின் மதிச்சுது. இனிமே அதைச் சுழின்னு ஒதுக்கிரும். ஆளைக் கூப்பிட்டுக் கேக்கவும் கேக்காது, அதான் சந்தேகமே இல்லையே."

"எத்தனை பேரு அப்படி மாத்திப் போடுவாங்க?"

"போட்டுப் பார்த்தேன். மாநிலம் முழுக்க நாலாயிரம் வரும். ஊருக்கு ஒண்ணு, ரெண்டு."

ஊருக்கு ஒன்று என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு வழி இருக்கு மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள உறுதிப் படிவம் அனுப்பணும். பதினொண்ணாவது தீர்ப்பு தவறுன்னு நீங்க ஒரு வரி எழுதிட்டா அதை எடுத்துருவாங்க."

"எழுதுனா கருவேலவயல் முடிவு?"

"மாறும்" என்றார்.

வியாழக்கிழமை பூமயிலை அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை ஒன்று, வரிசை இரண்டு, நாற்பது நொடி. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"எனக்குத் தெரியும் மேடம்."

"எப்படி?"

"பத்துப் பேரும் கேட்ட உடனே சொன்னாக. இவுக மட்டுந்தான் நான் அங்க இருக்கனான்னு கேட்டாக." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எனக்குப் போட்டுட்டு, பெறகு அய்யாத்துரைக்குப் போட்டுருக்காக. நான் தோத்தா உசுரோட இருப்பேன்னு நெனச்சிருக்காக. கோவிச்சுக்கவும் முடியல, மறக்கவும் முடியல. ஆறு வாரமா போன்ல சாப்ட்டீகளா, தூங்குனீகளான்னு மட்டுந்தான் பேசுறோம்."

"நான் படிவத்துல என்ன எழுதட்டும் பூமயில்?"

விரலில் சுற்றிய தலைப்பைப் பிரித்தாள். பிறகு, "போட்டவுக மாத்திச் சொல்லலாமுல்ல?" என்று கேட்டாள். சொல்லலாம். நாற்பத்தைந்து நாளுக்குள் வாக்காளர் தன் பதிலைத் திருத்தலாம். எட்டு நாள் மிச்சம் இருந்தது. "அப்ப அவுகளையே கேளுங்க. அவுக வாயால உண்மையக் கேட்டுட்டா எனக்குப் பதவி போனாலும் போகட்டும். எங்கயோ இருக்குற நாலாயிரம் பேரு ஓட்டை நான் தின்ன வேணாம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பதிவாகும் அரசாங்க இணைப்பில் கதிரேசனைக் கூப்பிட்டேன். இந்த முறை ஏதோ ஒரு கட்டடத்தின் நிழலில் நின்றிருந்தான். எதற்குக் கூப்பிடுகிறோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவன் மேல் வழக்கு இல்லை என்றும் சொன்னேன். பிறகு அதே கேள்வியை வாசித்தேன்.

"சொல்லிருங்க" என்றாள் பூமயில். "நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். தலைவர் வேலை போனா அங்கன்வாடியில கேட்டுப் பாக்குறேன். சொல்லிருங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அங்கே இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள் போலிருந்தது.

"ராவுல யாரும் போன் பண்ணி மெரட்டுறானுகளா?"

"பண்ணுறானுக. எடுக்குறதில்ல."

"ஊருணித் தண்ணி எப்படி இருக்கு?"

"உப்புக் கொறைஞ்சிருக்கு. நேத்து ஆடு குடிச்சுச்சு."

அவன் கையால் முகத்தைத் துடைத்தான். வியர்வையா வேறா என்று தெரியவில்லை.

"அப்பறம் என்ன மயிலு" என்றான். "அது சுழிதான். எழுதிக்கங்க மேடம், பிள்ளையார் சுழி."

இணைப்பு அறுந்தது. அவனே அறுத்துவிட்டான்.

பூமயில் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் அழுகையும் இருந்தது, எனக்குப் பார்க்கவே பயமாக இருந்த ஒரு சந்தோஷமும் இருந்தது.

"இப்பத்தான் மேடம் அவுக எனக்கு ஓட்டுப் போட்டுருக்காக" என்றாள்.

அவள் போன பிறகு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு ஏதோ ஒரு மாவட்டத்தில், தாளின் முதல் கட்டத்தில் பெயர் இருக்கும் ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். அவள் ஊரிலும் ஏதாவது ஒரு ஊருணி இருக்கலாம். அவளுக்காக மனசு மாறி, கீழே போட்டதை விட்டு மேலே வந்து அழுத்திக் குறி போட்ட ஒருவன் எங்கோ ஒரு பாலைவனத்தில் இருக்கலாம். அந்த ஓட்டு அவளுக்கு வந்து சேராது. ஏன் தோற்றோம் என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. அவள் முகம் எனக்குத் தெரியாது. பூமயில் முகம் எனக்குத் தெரியும்.

பதினொரு தீர்ப்பும் சரியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் பாடம் எல்லா மாவட்டங்களின் மெஷின்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.